ஒன்றரை லட்சத்தில் கல்யாண கேமரா செட் வாங்கிய கதை

கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் உதவியாளாக இருந்துவிட்டு, தனியாக ஆர்டர் எடுக்கலாம் என்று முடிவு செய்தபோது கையில் ஒன்றரை லட்சம் ரூபாய்தான் இருந்தது. யாரைக் கேட்டாலும் "மிரர்லெஸ் வாங்கு" என்றார்கள், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை கேமரா. சரிதான், ஆனால் சோனி ஏ7 மார்க் 3-ஐ செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் பணத்தில் பெரும்பங்கு பாடிக்கே, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கே போய்விடும். அப்புறம் லென்ஸுக்கும் ஃபிளாஷுக்கும் எங்கே போவது?

அதனால் கேமராவை ஓரமாக வைத்துவிட்டு மண்டபத்தை யோசித்தேன். தாலி கட்டுவது சில நொடி வேலை. கெட்டிமேளம் கொட்டியதும் மொத்தச் சொந்தமும் எழுந்து மேடையை மறைக்கும், ஹோமப் புகை கண்ணைக் கரிக்கும், ஒருபக்கம் மஞ்சள் பல்பு, மறுபக்கம் வீடியோகாரரின் வெள்ளை லைட். "மாப்பிள்ளை, இன்னொரு தடவை கட்டுங்க" என்று கேட்க முடியாது. ஆக எனக்குத் தேவை மூன்றுதான்: மங்கலான வெளிச்சத்திலும் பிடிக்கிற ஃபோகஸ், இரண்டு கார்டு போடும் வசதி, நல்ல ஃபிளாஷ். மெகாபிக்சல் கணக்கை விட்டுவிட்டேன். ஆல்பத்துக்கு 20 மெகாபிக்சலே தாராளம்.

கடைசியில் கேனான் 6டி-யும் நிக்கான் டி750-யும் மிஞ்சின. இரண்டும் ஃபுல் ஃபிரேம், அதாவது பெரிய சென்சார் உள்ளவை. 2012-ல் வந்த 6டி விலை குறைவு, படமும் அருமை. ஆனால் ஒரே கார்டுதான். ஃபோகஸ் புள்ளிகளும் 11-தான். 2014-ல் வந்த டி750-யில் 51 புள்ளிகள், இரண்டு எஸ்டி கார்டு. ஒரு கார்டு செத்தால் அந்தக் கல்யாணமே போச்சு என்கிற தொழிலில், கூடுதல் விலை கொடுத்தாவது இரண்டு கார்டு பாடிதான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

திருச்சியில் ஒருவரிடம் டி750 இருப்பதாகத் தெரிந்து போனேன். என் கார்டு, என் ஃபிளாஷ், டார்ச், லேப்டாப் எல்லாம் பையில். இந்த மாடலில் சில கேமராக்களை ஷட்டர் கோளாறுக்காகவும், ஃபிளேர் என்கிற வெளிச்சச் சிதறல் கோளாறுக்காகவும் நிக்கானே திரும்பப் பெற்றுச் சரிசெய்து கொடுத்தது. அதனால் சீரியல் நம்பரை அவர்கள் தளத்தில் முதலிலேயே பார்த்துவிட்டேன். விற்பவர் "30,000 ஷட்டர்தான் தம்பி ஓடியிருக்கு" என்றார். நிக்கானில் இதைச் சரிபார்ப்பது எளிது. படத்தோடு சேர்ந்து பதியும் எக்சிஃப் தகவலிலேயே ஷட்டர் கவுண்ட், அதாவது கேமரா இதுவரை எத்தனை கிளிக் அடித்தது என்ற கணக்கு இருக்கும். ஒரு படம் எடுத்து லேப்டாப்பில் திறந்தால் 86,000 சொச்சம்.

"அண்ணே, 86 காட்டுதே?"

"பையன் அப்பப்ப எடுத்துட்டுப் போவான் தம்பி..."

இந்த ஷட்டரை நிக்கான் ஒன்றரை லட்சம் கிளிக் வரை சோதித்திருப்பதால் எனக்கு அது பெரிய பயமில்லை, பேரம் பேச வசதியாகப் போயிற்று. வெள்ளைச் சுவரை, லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப் 16-ல் எடுத்து சென்சாரில் புள்ளி இருக்கிறதா, ஃபிளாஷ் மாட்டும் இடம் ஒழுங்காக வேலை செய்கிறதா, இரண்டு கார்டிலும் பதிகிறதா என்று பார்த்து 54,000-க்கு முடித்தேன்.

லென்ஸில் அதிகம் குழம்பவில்லை. மேடைக்கும் குரூப் போட்டோவுக்கும் 24-120 மி.மீ. எஃப் 4 ஜூம், பழையது, 27,000. கேண்டிட் எடுக்க 85 மி.மீ. எஃப் 1.8, அதுவும் பழையது, 22,000. கூடுதல் வெளிச்சம் உள்ளே விடும் எஃப் 2.8 ஜூம் இல்லாமல் கல்யாணமா என்பார்கள். ஃபிளாஷ் தெரிந்தவனுக்கு எஃப் 4 போதும். பழைய லென்ஸ் என்றால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை படர்ந்திருந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

ஃபிளாஷில்தான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. கோடாக்ஸ் டிடி685 இரண்டு, கூடவே தள்ளி நிற்கும் ஃபிளாஷை ரேடியோவில் அடிக்கவைக்கும் ஒரு டிரிக்கர், எல்லாம் புதுசு, 24,000. மேலே கூரையில் அடித்து பவுன்ஸ் செய்யலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். நம் மண்டபங்களில் கூரை எங்கே தெரிகிறது? ரோஸ் கலர் துணி கட்டியிருப்பார்கள். பவுன்ஸ் அடித்தால் பெண்ணின் முகமும் ரோஸாகிவிடும். அதனால் ஒரு ஃபிளாஷை ஸ்டாண்டில் மாட்டி மேடைக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் தள்ளி உயரத்தில் நிறுத்துகிறேன். இடையில் ஆள் நின்றாலும் ரேடியோ சிக்னல் போய்விடும். தாலி கட்டும்போது விழுகிற அட்சதையில் பின்னாலிருந்து அந்த வெளிச்சம் படும்போது ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாகத் தெரியும். பவரை 1/16-க்குக் குறைத்து வைத்தால் அடுத்தடுத்து அடித்தாலும் விடாமல் எரியும். எதிரிலிருந்து நேராக அடித்தால் பட்டுப்புடவை ஜரிகை வெளுத்துப்போகும், அதைத் தவிருங்கள்.

இன்னொன்று, வீடியோகாரரின் மலிவான எல்இடி லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த மாதிரி லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும், படத்தில் பட்டை பட்டையாக விழும். ஷட்டரை 1/100-ல் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மீதிப் பணம் ஃபிளாஷுக்கு ரீசார்ஜ் செய்யும் எனலூப் பேட்டரி, சார்ஜர், உபரி கேமரா பேட்டரி, கார்டுகள் என்று கரைந்தது. கார்டை பில்லோடு வாங்கி, வீட்டுக்கு வந்ததும் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் போட்டு முழுக் கொள்ளளவும் உண்மையா என்று பார்த்துவிடுங்கள். போலி நிறைய சுற்றுகிறது.

இரண்டாவது பாடி இன்னும் வாங்கவில்லை, வாடகைக்குத்தான் எடுக்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் கேட்டவுடன் தருவார்கள். தையிலும் ஆவணியிலும் பெரிய முகூர்த்த நாளில் ஊரிலுள்ள எல்லா பாடியும் வெளியே போயிருக்கும். ஆர்டருக்கு அட்வான்ஸ் கை மாறின அன்றைக்கே வாடகைக் கடைக்கும் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன்.