டெபியனில் டிப்மாட் எங்கே போனது?

நண்பரின் லேப்டாப்பில் டெபியன் 10 லினக்ஸ். வைஃபை டிரைவரின் கர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையத்தில் சேரும் துண்டு) பிழையில்லாமல் கம்பைல் ஆனது. ஆனால் மேக் இன்ஸ்டால் கொடுத்ததும் ‘டிப்மாட்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்’, எரர் 127. டிப்மாட் என்பது மாட்யூல்களின் பட்டியலைத் தயாரிக்கும் கட்டளை. ‘எஸ்யூ’ கட்டளையால் ரூட்டாக, அதாவது நிர்வாகியாக, மாறியிருந்தும் இப்படி! டிப்மாட்டைத் தரும் கேஎம்ஓடி பேக்கேஜும் ஏற்கெனவே இருந்தது.

கட்டளைகளை எந்த அடைவுகளில் தேடுவது என்று சொல்லும் பாத் மாறியை எக்கோ போட்டுப் பார்த்தால், சாதாரண பயனரின் பாதை அப்படியே நின்றது. அதில் நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் எஸ்பின் அடைவு இல்லை. டிப்மாட், மாட்யூலை ஏற்றும் மோட்ப்ரோப், இன்ஸ்மாட் எல்லாம் குடியிருப்பது அங்கேதான். 2019-ல் வந்த டெபியன் 10-லிருந்து, வெறும் ‘எஸ்யூ’ பாத்தைத் தொடுவதில்லை. பக்கத்தில் ஒரு ஹைஃபன் சேர்த்தால்தான் ரூட்டின் பாத் கிடைக்கும். ஒரு கட்டளையை மட்டும் ரூட்டாக ஓட்டும் சூடோ வழியாகப் போனால் இந்தச் சிக்கல் வராது, அது தன் சொந்தப் பாத்தை வைத்துக்கொள்கிறது.

இதில் மோசமானது என்னவென்றால், மாட்யூல் கோப்பு அதற்குள் லிப் மாட்யூல்ஸ் அடைவுக்குப் போய்விட்டது. ஆனால் டிப்மாட் ஓடாததால் பட்டியலில் பெயர் ஏறவில்லை. மோட்ப்ரோப் அந்தப் பட்டியலைத்தான் பார்க்கும். கண்முன் கோப்பு இருந்தும் ‘இல்லை’ என்றுதான் சொல்லும். புதியவர்கள் பலர் இங்கேதான் டிரைவரைக் குறைசொல்லி விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

ஹைஃபனோடு எஸ்யூ போட்டு, ‘டிப்மாட் -ஏ’, அப்புறம் மோட்ப்ரோப். வைஃபை வந்துவிட்டது.

கம்பைல் செய்யும்போதும் பாத் விளையாடும். யூசர் லோக்கல் பின்னில் வேறொரு ஜிசிசி (கம்பைலர்) இருந்தால், முதலில் அகப்படுவது அதுதான். ‘டைப் -ஏ ஜிசிசி’ போட்டுப் பாருங்கள், வரிசை தெரியும்.