குயின் மேரியின் சாப்பாட்டுக் கூடம், கால் அங்குலத்துக்கு ஓர் அடி: இதுவரை நடந்த வேலை

முன்சுவர் முடிந்தது. வரைபடத்தின் மேல் குட்டிக் கப்பல் நகர்கிறது. தூண்களை ஒட்டிக் காயவைத்திருக்கிறேன். கூரையையும் விளக்குகளையும் இன்னும் தொடவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: குயின் மேரி என்ற பழைய பயணக் கப்பலின் முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடத்தை, கால் அங்குலம் ஓர் அடி என்ற கணக்கில், மதுரையில் எங்கள் வீட்டு மாடி அறையில் மரத்தால் செய்துகொண்டிருக்கிறேன். கப்பல் முழுவதையும் செய்யக்கூடாதா என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அதன் நீளம் 1,019 அடி. என் கணக்கில் அதுவே 21 அடியைத் தாண்டிவிடும், அப்புறம் மாடியில் துணி காயப்போட இடம் இருக்காது, வீட்டில் எனக்கும் இருக்காது. கூடம் மட்டும் என்றால் கப்பலின் முழு அகலமான 118 அடி, பலகையில் இரண்டரை அடிக்குள் அடங்கிவிடுகிறது.

இந்தக் கூடத்தை ஏன் எடுத்தேன் என்றால், வெளியே இருந்து பார்த்தால் எல்லாக் கப்பலும் எனக்கு ஒன்றுதான், உள்ளேதான் வித்தியாசம். 1936 மே மாதம் தன் முதல் பயணத்தைத் தொடங்கிய இந்தக் கப்பலை மரக் கப்பல் என்றே சொல்லலாம், உடம்பு எஃகு, உள்ளே உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட வகை மரங்கள். முதல் வகுப்புப் பயணிகள் அத்தனை பேரும் ஒரே பந்தியில் உட்காரக்கூடிய அளவுக்குக் கூடத்தைப் பெரிதாகக் கட்டினார்கள், நடுப்பகுதி மூன்று தளங்களின் உயரம். முன்சுவரில் மெக்டொனால்ட் கில் என்ற ஓவியர் வரைந்த அட்லாண்டிக் கடல் வரைபடம். ஒரு பக்கம் இங்கிலாந்து, மறுபக்கம் நியூயார்க், நடுவே கோடைக்கு ஒரு பாதை, குளிர்காலத்துக்குக் கொஞ்சம் தெற்கே தள்ளி இன்னொரு பாதை. அதன் மேல் படிகக் கண்ணாடியில் செய்த சின்னக் கப்பல் ஒன்று நகர்ந்துகொண்டே போகும். சாப்பிட உட்காருகிறவர் தலையைத் தூக்கினால் இன்றைக்கு எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். இதைப் படித்ததும் செய்தே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது.

முதலில் மரம். கூடத்தின் சுவர்களுக்கு அவர்கள் போட்டது பிரேசிலின் பெரோபா, இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த நிறம். அது மதுரையில் கிடைக்காது, கிடைத்தாலும் வாங்க முடியாது. தேக்கு போடலாமே என்றால், தேக்கின் ரேகை இந்த அளவுக்கு ரொம்பப் பெரிசு. 1:48இல், அதாவது நிஜத்தில் 48இல் ஒரு பங்கு அளவில், மரத்தின் ஒரு துளை நிஜத்தில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை மாதிரி தெரியும். சின்ன அளவு வேலைக்கு ரேகை தெரியாத, அடர்ந்த மரம் வேண்டும். மஞ்சக்கடம்பு சரியாக வந்தது. லேசாகச் சாயம் ஏற்றிப் பிரெஞ்சு பாலிஷ் போட்டால் படங்களில் பார்க்கிற நிறத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

துண்டு மரம் தேடிக் காரைக்குடிக்குப் போனேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் நான் பார்க்கப் போனது அங்கே உடைசலாக ஒதுக்கி வைத்திருக்கும் சட்டங்களையும் பலகைகளையும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழற்றிய பர்மா தேக்குத் தூண்கள் கடை வாசலில் சாத்தியிருந்தன. ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது எந்த ஊர் வீட்டுத் தூண்?" என்றேன். "அதெல்லாம் யாருக்குத் தெரியும் தம்பி, கேட்டா தூணா சொல்லும்? வேணும்னா எடுத்துக்கங்க" என்றார் கடைக்காரர். சிரித்துவிட்டு வந்தேன், ஆனால் அந்தப் பதில் இந்த வேலை முழுக்க என்னோடு வந்தது, கீழே சொல்கிறேன்.

மெல்லிய தகடாக மரத்தை அறுத்துத் தர ரம்பப் பட்டறையில் யாரும் தயாராக இல்லை. வழி சொன்னவர் எங்கள் தெருக்கோடி ஆசாரி அண்ணன். இழைப்புளியை நன்றாகத் தீட்டி, அலகை மிக லேசாக நீட்டி, ஒரே இழுப்பில் இழைத்தால் வருகிற சுருள் இருக்கிறதே, அதுதான் தகடு. "இம்புட்டு மெல்லிசா சீவி என்ன தம்பி செய்யப் போற, காது குடையவா?" என்றார், ஆனாலும் அகலமான சுருளாகவே இழைத்துக் கொடுத்தார். சுருளை ஈரத்துணியில் சுற்றி இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினால் நேராகிவிடும். வெள்ளைப் பசை போட்டால் அதில் இருக்கிற தண்ணீரைக் குடித்து மறுபடி சுருளும், அதுவும் சித்திரை வெயிலில் ஓட்டு அறையில் கேட்கவே வேண்டாம். சன்மைக்கா ஒட்டுகிற ரப்பர் பசைதான் நிற்கிறது. சுவரையும் தகட்டையும் தனித்தனியாகப் பூசி, கையில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, ஒரே தடவையில் வைத்து அழுத்த வேண்டும், வைத்த பிறகு நகர்த்த முடியாது.

நிஜக் கப்பலிலும் விஷயம் இதேதான். அங்கே சுவர் முழுக்கக் கட்டை மரம் இல்லை, ஒட்டுப்பலகை மேல் ஒட்டிய மெல்லிய தகடு. அதனால்தான் அந்த உள்வேலையைக் காப்பாற்றுவது கஷ்டம். கட்டை மரத்தில் மேல் தோல் கெட்டால் இழைத்துவிட்டு மறுபடி பாலிஷ் போடலாம். தகட்டில் இழைக்க எதுவும் இல்லை, வெயில் வெளுத்தால் வெளுத்ததுதான், ஓதம் ஏறினால் பசை விட்டுக் கொப்புளிக்கும். அந்த ஓதம் மேல்தளத்திலிருந்து வரும். மேல்தளத்துப் பலகை இடுக்குகளில் அடைப்பு விட்டுப்போனால் மழைத்தண்ணீர் இறங்கி, எஃகுத் தட்டைத் துருவாக்கி, கீழ்த் தளத்துச் சுவரின் பின்பக்கம் போய்ச் சேரும். முன்னால் இருந்து பார்க்கிறவருக்குக் கறை தெரியும்போது பின்னால் வேலை முடிந்திருக்கும்.

சரி, வரைபடம். இதில்தான் எனக்கு நிறைய சந்தோஷம். பழைய டிவிடி டிரைவைக் கழற்றினால் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துகிற ஒரு சின்ன மோட்டாரும் திருகுத் தண்டும் இருக்கும். அது நேர்க்கோட்டில்தான் போகும், கப்பல் பாதையோ வளைவு. அதனால் நகரும் பாகத்தில் மேலும் கீழும் தாராளமாக ஆடுகிற மாதிரி ஒரு பித்தளைக் கம்பியைப் பொருத்தி, அதன் நுனியில் பொட்டு அளவு காந்தத்தை வைத்தேன். வரைபடத்துக்குப் பின்னால் ஒட்டுப்பலகையில் பாதையின் வளைவுக்கு ஏற்ப ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறேன், காந்தம் அந்தப் பள்ளத்தை விட்டு விலக முடியாது. டிரைவ் நேராக இழுக்கிறது, பள்ளம் வளைத்துக்கொண்டு போகிறது. முன்பக்கம் கப்பலுக்குப் பதில் ஓர் அமெரிக்கன் டைமண்ட் கல். தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் கல் பதிக்கிற பட்டறையில் வாங்கினேன், எந்த நகைக்கு என்று கேட்டார்கள், கப்பலுக்கு என்றதும் மேலும் கீழும் பார்த்தார்கள். கல்லின் அடியில் இரும்புப் பொட்டு ஒன்று ஒட்டிவிட்டால் காந்தம் இழுக்கிற பக்கம் போகும். வரைபடத் தாள் வழவழப்பாக இருக்க வேண்டும், லேமினேஷன் செய்ததும் திக்கல் நின்றுவிட்டது. இப்போதைக்குக் கோடைப் பாதை மட்டும், இரண்டாவது பள்ளத்துக்கு இடம் போதவில்லை.

இனி, எல்லோரும் என்னிடம் சண்டை போடுகிற இடம். கூடத்தை எந்த வருஷத்துக் கோலத்தில் செய்வது? மாதிரி செய்கிற நண்பர்கள் அத்தனை பேரும் 1936 என்கிறார்கள், புத்தம் புதிதாக, மேசை நாற்காலி முதல் நாள் போட்டபடி. நான் இன்றைய கோலத்தில் செய்கிறேன், வட்ட மேசைகள், கல்யாண வரவேற்புக்குப் போடுகிற வெள்ளைத் துணி, நடுவில் ஆட இடம். "இவ்வளவு மெனக்கெட்டு ஒரு கல்யாண மண்டபத்தையா செய்யுறே?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம், அதைத்தான் செய்கிறேன்.

காரணம் இருக்கிறது. இந்தக் கப்பலின் உள்வேலை ஏற்கெனவே ஒரு தடவை வெளியே போய்த் திரும்பி வந்தது. போர்க்காலத்தில் படைவீரர்களை ஏற்றுகிற கப்பலாக மாற்றியபோது அறைகலன், கம்பளம் எல்லாவற்றையும் கழற்றிக் கிடங்குகளில் போட்டார்கள். 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் 16,683 பேரை ஏற்றிக்கொண்டு போனது. 1947இல் மறுபடி பயணிகளோடு புறப்பட்டபோது பழைய அலங்காரம் திரும்ப ஏறியிருந்தது. அதாவது 1936 என்ற அந்தச் சுத்தமான கோலம் முழுசாக மூன்றரை வருஷம்கூட இருக்கவில்லை. 1967 டிசம்பரில் கலிபோர்னியாவின் லாங் பீச் போய்ச் சேர்ந்தது, நகராட்சி 34.5 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. அங்கே கொதிகலன்களை எடுத்தார்கள், மூன்றாம் வகுப்பு அறைகளில் பெரும்பகுதி போனது, முதல் வகுப்பு அறைகள் ஓட்டல் அறைகளாயின. முதல் வகுப்பு நீச்சல் குளம் இருக்கிறது, தண்ணீர் இல்லை. சாப்பாட்டுக் கூடம் மட்டும் சாப்பாட்டுக் கூடமாகவே நின்றது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கும் கல்யாணத்துக்கும் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள்.

2017இல் ஒரு கடல்சார் ஆய்வு கப்பலைச் சரிசெய்ய 28.9 கோடி டாலர் வரை ஆகலாம் என்றது. 2020இல் கொரோனாவோடு கதவு மூடியது, மறு வருஷம் குத்தகை எடுத்து நடத்திய நிறுவனம் திவாலாகி, கப்பல் நகராட்சி கைக்கே திரும்பியது. 2023இல்தான் ஓட்டலை மறுபடி திறந்தார்கள். செட்டிநாட்டுப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பூட்டிக் கிடக்கிற வீடுதான் சீக்கிரம் விழும் என்று. ஓடு நகர்ந்தால் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். கப்பலுக்கும் அதே கணக்கு.

ஆள் வராத கப்பலுக்கு என்ன ஆகும் என்பதற்குக் குயின் மேரியிடமிருந்து 1952இல் அட்லாண்டிக் வேகச் சாதனையைப் பறித்த எஸ்எஸ் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற அமெரிக்கக் கப்பலைப் பார்க்கலாம். தீ பயத்தில் மரமே கூடாது என்று கட்டிய கப்பல், பியானோவும் இறைச்சி வெட்டுகிற கட்டையும் மட்டும்தான் விதிவிலக்கு. 1969இல் ஓய்வு, 1984இல் உள்ளே இருந்த சாமான்கள் ஏலம், 90களில் ஆஸ்பெஸ்டாஸை எடுக்கும்போது மிச்சம் இருந்த தடுப்புச் சுவர்களும் போயின. பிலடெல்பியாவில் பல வருஷம் வெறும் கூடாக நின்றது. 2024இல் ஃப்ளோரிடாவின் ஒக்கலூசா மாவட்டம் வாங்கி, 2025 பிப்ரவரியில் அலபாமாவில் இருக்கிற மொபைல் என்ற ஊரின் துறைமுகத்துக்கு இழுத்துப் போனார்கள், மீன்கள் தங்கும் செயற்கைப் பாறையாகக் கடலில் இறக்குவதற்காக. வெளி அழகைக் காப்பாற்ற வருஷக்கணக்கில் நன்கொடை சேர்த்தார்கள், ஆனால் உள்ளே காட்ட எதுவும் இல்லாத கப்பலுக்கு யார் வாடகை கொடுப்பார்கள்? எனக்குத் தோன்றுவது, அந்தக் கப்பலின் தலையெழுத்து அந்த ஏலத்திலேயே முடிந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்களின் 'பிரான்ஸ்' கப்பல் நம்ம குஜராத்தில் கப்பல் உடைக்கிற அலங் கரைக்கே 2006இல் வந்தது, உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், பிறகு உடைத்தார்கள்.

உடைத்த கப்பலின் அறை வேறு இடத்தில் உயிரோடு இருக்காதா என்றால், இருக்கும். டைட்டானிக்கின் அக்கா கப்பலான ஒலிம்பிக்கை 1935இல் உடைக்கக் கொடுத்தபோது அதன் கூடத்து மரச் சுவர்களை வாங்கி இங்கிலாந்தின் ஆன்விக் ஊரில் ஓர் ஓட்டலுக்குள் பொருத்தினார்கள், இன்றைக்கும் அங்கே சாப்பிடலாம். எந்தக் கப்பல் என்று அங்கே பெயர் சொல்லி வைத்திருக்கிறார்கள். காரைக்குடித் தூணுக்கு அதுகூட இல்லை.

திருமலை நாயக்கர் மகாலிலும் இதைத்தான் யோசித்தேன். நாம் இன்றைக்குப் பார்ப்பது பழைய அரண்மனையில் கால்வாசிதான், பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். மிச்சம் இருந்ததை சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு காலத்தில் பழுதுபார்த்தார்கள், அப்புறம் ரொம்ப காலம் மாவட்ட நீதிமன்றம் அங்கேதான் நடந்தது. அரண்மனைக்குள் வக்கீல்களும் வாய்தாவும் என்று முகம் சுளிக்கலாம். ஆனால் கோர்ட் நடக்கிற இடத்தில் கூரை ஒழுகினால் மறுநாளே யாராவது மேலே கடிதம் எழுதுவார்கள். அதனால்தான் என் கூடத்தில் வட்ட மேசை. ஒரு மூலையில் மேலே ஓதக்கறையும் இரண்டு தகட்டில் கொப்புளமும் வைக்கப்போகிறேன், எந்த இடம் என்பது என் கற்பனைதான், நிஜ அறையில் அந்த மூலை எப்படி இருக்கிறது என்று சொல்லவரவில்லை.

மிச்ச வேலை: மேசைத் துணிக்கு மல் துணி தடிமனாகத் தெரிகிறது, மெல்லிய டிஷ்யூ தாளைப் பசைத் தண்ணீரில் நனைத்துப் போர்த்திப் பார்க்க வேண்டும். வெண்கலக் கதவுகளைப் பித்தளைத் தகட்டில் தட்டி எடுக்க ஆள் பேசியிருக்கிறேன், அவர் ஆடி முடியட்டும் என்கிறார். கூரை விளக்குக்கு மஞ்சள் எல்இடி வாங்கியாயிற்று. குளிர்காலப் பாதைக்கு இரண்டாவது பள்ளம் வெட்ட வேண்டும் என்றால் சுவரின் பின்பக்கத்தை முழுக்கப் பிரிக்க வேண்டும், அதை இப்போது செய்வதா கூரை மூடியபிறகா என்று ஆசாரி அண்ணனிடம் கேட்டேன். "மூடுறதுக்கு முன்னாடி செஞ்சிரு, அப்பறம் உள்ள கை போகாது" என்றார். அடுத்த வாரம் பிரிக்கிறேன்.