ஓர் எழுத்துக்காக மூன்று இரவுகள்: விண்டோஸ் பக்கத்தில் ஃப்ரீபிஎஸ்டி

நேற்று இரவு பதினொன்றே முக்காலுக்கு, பென்டிரைவ் எதுவும் செருகாமலே ஃப்ரீபிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தின் துவக்கப் பட்டியல் என் மடிக்கணினியில் வந்து நின்றது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கைதட்ட ஆள் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு அதே வட்டில் இதற்கு இடம் பிடித்த கதை சுருக்கமாக. 512 ஜிபி வட்டில் 120 ஜிபி கேட்டேன். விண்டோஸ் 41 ஜிபிக்கு மேல் விட்டுக்கொடுக்கவில்லை. நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருந்தன. ஹைபர்னேஷனை (கணினியின் நிலையை வட்டில் சேமித்து உறங்கவைப்பதை) அணைத்து, நினைவகத்துக்குத் துணையாக வட்டில் இருக்கும் பேஜ்ஃபைலையும் எடுத்துவிட்டுக் கேட்டதும் இறங்கி வந்தது. வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிவைத்த பிறகுதான், அங்கீகாரமில்லாத மென்பொருள் துவங்குவதைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்தேன். நிறுவியில் (ஃப்ரீபிஎஸ்டியை வட்டில் போடும் நிரலில்) இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைத் தானாகப் போடும் வழியின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை, அது முழு வட்டையும் விழுங்கிவிடும். கையால் பிரித்து, இன்னொரு கோப்பு முறைமையான யுஎஃப்எஸ் போட்டேன்.

வினை அங்கேதான் தொடங்கியது. விண்டோஸ் உருவாக்கிய, துவக்கக் கோப்புகள் இருக்கும் 100 எம்பி இஎஃப்ஐ பகுதியை நிறுவி தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, அதைக் காட்டிக்கொடுக்காமல் விட்டேன். ஃப்ரீபிஎஸ்டியைத் துவக்கும் லோடர் கோப்பை நானே நகலெடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. ஒரு எம்பிகூட இல்லாத கோப்புதானே!

பென்டிரைவிலிருந்து துவக்கி, இஎஃப்ஐ பகுதியை மவுண்ட் செய்து (திறந்து), கோப்பை வைத்து, துவக்கப் பட்டியலை நிர்வகிக்கும் எஃபிபூட்எம்ஜிஆர் கட்டளையால் புதிய பதிவையும் உருவாக்கினேன். பெயரின் கடைசியில் எம்.ஜி.ஆர். இருப்பதால் அந்தக் கட்டளையின் மேல் எனக்கு எப்போதுமே ஒரு நம்பிக்கை. பட்டியலில் ஃப்ரீபிஎஸ்டி இருந்தது, பாதையும் சரி. மறுபடி துவக்கினால் விண்டோஸ். பதிவை அழித்து மீண்டும் உருவாக்கினேன், விண்டோஸ். வரிசையை மாற்றினேன், அப்போதும் விண்டோஸ். இரண்டாம் இரவு முழுவதும் கணினிக்குள்ளேயே இருக்கும் துவக்க மென்பொருளான ஃபர்ம்வேரைத் திட்டித் தீர்த்தேன். விண்டோஸின் துவக்கக் கோப்பு இருக்கும் இடத்தில் நம்முடையதை வைத்துவிடலாமா என்றுகூடக் கை அரித்தது. அடுத்த அப்டேட்டில் அது மேலெழுதப்படலாம் என்பதால் அடங்கினேன்.

மூன்றாம் இரவு, வேறு வழியில்லாமல் கையேட்டுப் பக்கத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். புதிதாக உருவாக்கும் பதிவு செயலற்ற நிலையில்தான் பிறக்கும், கட்டளையோடு '-ஏ' சேர்த்தால்தான் அது கணக்கில் வரும் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். விண்டோஸ் பதிவின் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, என்னுடையதில் இல்லை. மூன்று நாளும் அது என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. லினக்ஸில் அதே பெயருள்ள கட்டளை பதிவை உருவாக்கும்போதே உயிரும் கொடுத்துவிடும். அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது. நிறுவியிடம் அந்தப் பகுதியைக் காட்டியிருந்தால் இதையெல்லாம் அதுவே செய்திருக்கும் என்பதையும் வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

கடிகாரமும் சறுக்கியது. வன்பொருள் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கிறதா என்று நிறுவி கேட்டதற்கு அவசரத்தில் 'ஆம்' சொல்லிவிட்டேன். விண்டோஸ் அங்கே உள்ளூர் நேரத்தை வைத்திருக்கிறது. காலை 10 மணிக்கு ஃப்ரீபிஎஸ்டி பிற்பகல் 3.30 என்று காட்டியது. எட்ஸி என்ற அமைப்புக் கோப்புறையில் 'வால்_சிமாஸ்_கிளாக்' என்று ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி மறுபடி துவக்கியதும் சரியானது.

வைஃபை இன்னும் இல்லை, உள்ளே இருக்கும் சிப்புக்கு டிரைவர் கிடையாது. இப்போதைக்கு ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பியில் செருகி, யுஆர்என்டிஐஎஸ் என்ற டிரைவர் வழியாக பேக்கேஜ்களை இறக்குகிறேன். சனிக்கிழமை சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய்ப் பழைய இன்டெல் வைஃபை கார்டு ஒன்று தேட வேண்டும். போன முறை அங்கே ஒரு கடையில் வாங்கிய '64 ஜிபி' பென்டிரைவ் 8 ஜிபியைத் தாண்டியதும் எழுதியதையெல்லாம் மறந்துவிட்டது. இந்த முறை மடிக்கணினியையே தூக்கிக்கொண்டு போய், கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன்.

வரைகலைத் திரை இன்னும் நிறுவவில்லை. கறுப்புத் திரையில் உள்நுழைவு வரி மட்டும் மின்னிக்கொண்டிருக்கிறது.