ஸ்டாக்ஹோமில் ஒரு கை, தக்கலையில் ஒரு கம்பு

நாங்கள் நடனம் கற்கப் போனதற்குக் கலை ஆர்வம் எதுவும் காரணமில்லை. சுவீடனில் பல நிறுவனங்கள் ஊழியர்களின் உடல்நலத்துக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகை தருகின்றன. 5,000 குரோனர் வரை அதற்கு வரி கிடையாது. நீச்சல், உடற்பயிற்சிக் கூடம், நடன வகுப்பு என்று செலவழிக்கலாம். அந்த ஆண்டுக்குள் செலவழிக்காவிட்டால் போயிற்று. என் கணவருக்கு அந்தத் தொகை தொடாமல் கிடந்தது. நான் உதவியாளராக வேலை பார்த்த முதியோர் இல்லத்திலும் சிறு தொகை தந்தார்கள். மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் டிசம்பர் அது. தக்கலையில் வளர்ந்த இரண்டு பேர் சும்மா போகிற பணத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? ஜனவரியில் தொடங்கும் வகுப்புக்குக் கட்டணம் கட்டிவிட்டோம்.

டாங்கோவில் நெஞ்சோடு நெஞ்சு நெருங்கி நிற்கிறார்கள் என்று காணொளியில் பார்த்ததும் அதை விட்டுவிட்டோம். லிண்டி ஹாப் என்ற ஆட்டத்தில் பெரும்பாலும் ஒரு கை நீள இடைவெளி இருந்தது. கணவரின் அம்மாவான அத்தைக்குத் தெரியவந்தாலும் ஒருவாறு சமாளிக்கலாம் என்று நினைத்தோம். அப்படி நினைத்தோமே தவிர, அத்தையிடம் சொல்லவில்லை.

முதல் நாள் கூடத்தில் சுமார் முப்பது பேர். ஆட்டத்தை நடத்துபவர்கள் வெளி வட்டம், தொடர்பவர்கள் உள் வட்டம். இவரோடு இரண்டு நிமிடம் ஆடியிருப்பேன்; ஆசிரியை கைதட்டி ஏதோ சொன்னார், உள் வட்டம் முழுவதும் ஓரிடம் நகர்ந்தது. நான் நகரவில்லை. பின்னால் இருந்த பெண் மெல்ல என் தோளைத் தொட்டாள். என் கணவர் அவள் கையைப் பிடித்தார். என் கையை முன்பின் அறியாத ஒரு தாடிக்காரர் பிடித்தார். பதினோரு வருடக் குடித்தனம் எட்டு எண்ணிக்கையில் கலைந்துபோனது போல இருந்தது.

வகுப்பு முழுவதும் அப்படித்தான். சில நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். சேர்ந்து வந்தவர்கள் மாறாமல் நிற்கவும் அனுமதி உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் மாறுவதன் பயன் எனக்கே பிடிபட்டுவிட்டது. ஒரே ஆளோடு ஆடினால் அந்த ஆளின் தப்புக்கு நம் உடம்பு பழகிவிடுகிறது. பதினைந்து பேரில் ஒருவரிடம் மட்டும் இடறினால் ஒரு கணக்கு. பதினைந்து பேரிடமும் இடறினால் யாருடைய கால் கோணல் என்று கேட்கவே வேண்டாம்.

இந்த ஆட்டம் பிறந்தது நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், கறுப்பின மக்களிடையே. 1926-இல் திறந்த சவாய் நடன அரங்கம்தான் அதன் தாய்வீடு. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆட முடிந்த, அந்தக் காலத்து அமெரிக்காவில் அரிதான இடம் அது. 1958-இல் அரங்கத்தை மூடினார்கள். அங்கே ஆடிப் பெயர் பெற்ற ஃபிராங்கி மானிங் அதற்கு முன்பே தபால் துறை வேலைக்குப் போய்ப் பல வருடம் அதிலேயே இருந்தார். 1980-களில் அவரைத் தேடிப் போய்க் கற்றுக்கொண்டவர்களில் சுவீடன்காரர்களும் உண்டு. ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே ஹெரேங் என்ற சிற்றூரில் 1982-இல் தொடங்கிய கோடை முகாமுக்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஓர் ஊரில் மங்கிய விளக்கை, கடல் கடந்த இன்னோர் ஊர்க்காரர்கள் தூண்டிவிட்ட கதை. இதைக் கேட்டபோது எனக்குச் சித்தப்பாவின் களியல் ஆட்டம், கம்பு தட்டி ஆடுவது, நினைவுக்கு வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு அப்போது சுவீடிஷ் அரைகுறை. ஆசிரியர்கள் பேசுவதில் பாதி புரியாது. அதனால் கண்ணை அகல விரித்து வைத்திருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று-தட்டு-நான்கு. ஐந்து, ஆறு, ஏழு-தட்டு-எட்டு. அவர்களுடைய காலணிகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்ததை அப்படியே செய்தால் எதிர்க்காலில் நிற்பேன். ஆசிரியை ஒருநாள் அருகில் வந்து, "காலைப் பார்க்காதே, இடுப்பைப் பார்" என்றார். எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை இடுப்புதான் காட்டுமாம். அதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. முதியோர் இல்லத்தில் நான் தினமும் செய்கிற வேலை அது. படுக்கையில் இருக்கும் ஒருவரை எழுப்பி நிறுத்தும்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அவருடைய எடை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அது முன்னால் வரும்வரை காத்திருந்து, பிறகு துணைக்குக் கை கொடுக்க வேண்டும். பகலில் செய்வதை இரவில் மறந்துவிட்டிருக்கிறேன்.

இன்னொரு சட்டமும் இருந்தது: ஆசிரியர் பேசத் தொடங்கினால் ஜோடியின் கையை விட்டுவிட வேண்டும். கை கோத்திருந்தால் பேச்சைக் கேட்டுக்கொண்டே சும்மா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கத் தோன்றும். காதும் போகும், பக்கத்து ஜோடியின் கவனமும் போகும். எங்கள் பள்ளிக்கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னதன் உறவுமுறைச் சட்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

எல்லாம் பழகிவிடும். பழகாத ஒன்று, கருத்துச் சொல்வது. மூன்றாவது வாரத்திலிருந்து, ஆள் மாறுவதற்கு முன்பு எதிரில் நிற்பவருக்கு ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும் என்றார்கள். எது நன்றாக இருந்தது, எதை மாற்றினால் உனக்கு வசதி, அவ்வளவுதான். சுவீடிஷில் 'நன்று' என்பதற்கு 'ப்ரா' என்று சொல்ல வேண்டும். சுவீடன் வந்த புதிதில், ஆண்களின் முகத்துக்கு நேரே அந்தச் சொல்லைச் சொல்லப் பழகவே எனக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. பழகிய பிறகு அதை விட்டு நகரவில்லை. யார் எதிரே நின்றாலும் ப்ரா, ப்ரா, ரொம்ப ப்ரா.

அந்த வட்டத்தில் நெடுநெடுவென்று ஒருவர் இருந்தார், என் அப்பா வயது. என்னைச் சுற்றிவிடும்போது தன் தலைக்கு மேலே கையைத் தூக்குவார். என் தோள்மூட்டு கழன்று வருவது போல இருக்கும். நான்கு வாரம் அவருக்கும் ப்ராதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்துக்கொண்டேன். அப்பா வயதுள்ளவரிடம், அதுவும் அந்நிய ஊரில், குறை சொல்வதா?

ஏழாவது வாரம் எனக்கு அடுத்த இடத்தில் ஒரு கல்லூரிப் பெண். இருபது வயது இருக்கும். அவரோடு ஒரு சுற்று முடித்தாள். தன் தோளைத் தொட்டுக் காட்டி, "இங்கே எனக்கு இழுக்கிறது. கை என் தலைக்குச் சற்று மேலே நின்றால் எனக்குச் சுலபம்" என்றாள். அவர், "இவ்வளவா?" என்று கையைத் தாழ்த்தினார். "இன்னும் கொஞ்சம்." மறுபடி சுற்றினார்கள். "இப்போது சரி." "நன்றி." அரை நிமிடம்கூட ஆகவில்லை. யார் முகமும் சிவக்கவில்லை. பிறகு அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "உனக்கும் அப்படித்தான் இருந்ததா?" நான் தலையாட்டினேன். "ஏன் சொல்லவில்லை?"

அவருக்கு வருத்தம் என்பது குரலில் தெரிந்தது. நான்கு வாரம் ஒரு பெண்ணுக்கு வலி கொடுத்திருக்கிறோம், அவள் சிரித்துக்கொண்டே நன்று என்று சொல்லியிருக்கிறாள். நானாக இருந்தாலும் வருந்தியிருப்பேன். நான் மரியாதை என்று நினைத்துக் கொடுத்தது அவர் கைக்குப் பொய்யாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்தப் பெண்ணின் பேச்சை வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். 'நீ' என்று அவள் தொடங்கவே இல்லை. நீ இழுக்கிறாய், நீ தப்பாகத் தூக்குகிறாய் என்று எதுவும் கிடையாது. எனக்கு இங்கே இழுக்கிறது, எனக்கு இது சுலபம். தன் உடம்புக்குள் நடந்ததை மட்டும் சொன்னாள். அதை யார் மறுக்க முடியும்? அவருடைய கையில் என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது அவருடைய வேலை, அல்லது ஆசிரியரின் வேலை.

அந்த ஊரில் அது இன்னும் எளிது என்பதையும் சொல்ல வேண்டும். 1960-களின் கடைசியிலிருந்து சுவீடனில் அநேகமாக எல்லாரையும் ஒருமையில் அழைப்பது வழக்கமாகிவிட்டது. மருத்துவ வாரியத்தின் தலைவராக வந்த புரோர் ரெக்செட் 1967-இல், ஊழியர்கள் எல்லாரையும் தான் 'நீ' என்றே அழைக்கப்போவதாக அறிவித்ததை இன்றும் அதற்கு அடையாளமாகச் சொல்கிறார்கள். என் கணவரை முதன்முதலாக 'நீ' என்று நான் அழைத்தது அந்த நடனக் கூடத்தில்தான், சுவீடிஷில். அவர் ஒரு எண்ணிக்கை தவறவிட்டார்.

கேட்டுக்கொள்வது சொல்வதைவிடக் கடினம். ஆட்டத்தை நடத்தும் பங்கைப் பெண்களும் எடுப்பார்கள். அப்படி ஓர் அம்மாள் ஒருநாள் என்னிடம், "நான் கேட்பதற்கு முன்பே நீ போய்விடுகிறாய். எனக்கு வெறுங்கையாக இருக்கிறது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சொல்லாமலே குறிப்பறிந்து செய்பவள் என்றுதான் புகுந்த வீட்டில் எனக்குப் பெயர். அத்தை அடுப்படிக்குள் வருவதற்கு முன்பே தேங்காய் துருவி இருக்கும். அந்தப் பழக்கம் காலுக்கும் வந்திருக்கிறது: அடுத்தது இதுதான் என்று ஊகித்து ஓடிவிடுகிறேன். தொடர்பவருக்கு அது குறை. கையில் செய்தி வரும்வரை அந்த அரை நொடி சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்பதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை; கற்க ஒரு குளிர்காலம் முழுவதும் பிடித்தது.

கேட்காமலே பாடம் எடுப்பவர் ஒருவர் எல்லா வகுப்பிலும் இருப்பார் போலிருக்கிறது. எங்களுடையவர் எங்களோடு அதே ஜனவரியில் சேர்ந்தவர். தன் கால் பின்னும்போதெல்லாம் எதிரில் இருக்கும் பெண்ணுக்குத் தோள், முதுகு, மூச்சு என்று திருத்தம் சொல்வார். ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்ற பழமொழியைச் சுவீடிஷில் மொழிபெயர்க்க முயன்று தோற்றேன். இருவருக்கும் தெரியாவிட்டால் கையைத் தூக்கி ஆசிரியரைக் கூப்பிட வேண்டும் என்பதே வகுப்பின் முறை. வார இறுதி நடன மாலைகளில் அதுவும் கிடையாது. அங்கே யாரும் யாரையும் திருத்தக் கூடாது, வலித்தால் மட்டும் உடனே சொல்லிவிட வேண்டும்.

மற்றவர்களிடம் வாயே திறக்காத நான் என் கணவரிடம் மட்டும் மெட்ரோ ரயிலில் நாற்பது நிமிடமும் குறை சொல்லிக்கொண்டு வந்தேன் என்பதையும் மறைக்கக் கூடாது. குளச்சல் கரையில் கரைவலை இழுப்பது போலத்தான் அவர் என்னை இழுப்பார். மற்ற பெண்களைப் பூப்போலப் பிடிப்பார். கேட்டால், "நீ என்றால் தைரியமாக இழுக்கலாம்" என்பார்.

அந்தக் கோடையில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தோம். சித்தப்பா களியல் ஆசான். விளக்கைச் சுற்றி வட்டமாக நின்று, இரண்டு கையிலும் குறுங்கம்பு வைத்து, ஆசானின் பாட்டுக்கும் தாளத்துக்கும் முன்னால் இருப்பவர் கம்பிலும் பின்னால் இருப்பவர் கம்பிலும் தட்டி ஆடுவது. மெல்லத் தொடங்கி வேகம் ஏறும். ஒரு மாலை ரசவடையும் சாயாவுமாகப் பயிற்சியைப் பார்க்கப் போனேன். எங்கள் வகுப்பின் கருத்துச் சொல்லும் முறையை விளக்கினேன். சித்தப்பா ஜால்ராவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதில் வாய் எதற்கு மக்களே? கம்பு ஒத்து விழுந்தால் டக் என்று கேட்கும். சத்தம் செத்துப்போனால் எவனோ கனவு காண்கிறான்."

"பன்னிரண்டு பேரில் எவன் என்று எப்படித் தெரியும் சித்தப்பா?"

"விரல் வீங்கினவனுக்குப் பக்கத்து ஆள்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆனால் நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் நைசாக இடம் மாறிக்கொண்டிருந்தான். இடைவேளையில் கேட்டேன். நடுவிரல் கணு புடைத்திருந்தது. பக்கத்தில் ஆடுபவர் ஓங்கி அடிக்கிறாராம். "அண்ணனிடம் எப்படி அக்கா சொல்வது?" என்றான். "நீங்கள் அடிக்கிறீர்கள் என்று சொல்லாதே. என் விரலில் படுகிறது அண்ணா என்று மட்டும் சொல்" என்றேன். தலையாட்டினான். அடுத்த பாட்டிலும் இடம் மாறித்தான் நின்றான். நான்கு வாரம் தைலம் தேய்த்தவள் அவனை என்ன சொல்ல?

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, மழை விட்ட மாலை. அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். முற்றத்தில் ஈரம் என்பதால் வராந்தாவில் எட்டு எண்ணிக்கையைப் பழகிக்கொண்டிருந்தோம். பாட்டு இல்லை, நான்தான் எண்ணினேன். ஐந்து, ஆறு வரும்போது வாசலில் நிழல் ஆடியது. அத்தை குடையை மடக்கியபடி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. இவர் கையை விடவும் மறந்து நின்றார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

அத்தை குடையைச் சுவரில் சாத்தினார். ஈரக் காலைத் துடைத்துக்கொண்டார்.

"மக்களே, அவள் கையை ஏன் அப்படி இழுக்கிறாய்? அது என்ன கிணற்றுக் கயிறா?"

இவர் கையைத் தாழ்த்தினார்.

"இவ்வளவா?" என்று கேட்டார். அத்தையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்று எனக்குத் தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

அத்தை சாயா போட உள்ளே போனார். நாங்கள் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினோம்.