வாட்டர் தெருவில் ஒரு மில் சங்கு

கனடாவின் வான்கூவர் வந்த புதிதில் கேஸ்டவுன் பக்கம் போனபோது தலைக்கு மேலே திடீரென்று விசில் ஊதியது. "அதுக்குள்ள சங்கு ஊதிட்டானா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். படம் எடுத்துத் தரச் சொல்கிறேன் என்று நினைத்த பக்கத்து அம்மாள், என் கைபேசியை வாங்கி என்னைக் கடிகாரத்தோடு நிற்கவைத்து எடுத்தும் கொடுத்துவிட்டார்.

வாட்டர் தெருவும் கேம்பி தெருவும் சந்திக்கும் முனையில் நிற்கும் நீராவிக் கடிகாரம் அது. நாலு பக்கமும் முகம், உச்சியில் ஆவி. கால் மணிக்கு ஒருமுறை லண்டன் பிக் பென் மெட்டை விசிலிலேயே ஊதும். கூடுகிற கூட்டம் விக்டோரியா மகாராணி காலத்துச் சாமான் என்று நினைத்து அண்ணாந்து பார்க்கிறது. ரேமண்ட் சாண்டர்ஸ் என்பவர் செய்து நிறுத்தியது 1977-இல்தான். என் அண்ணனைவிடச் சின்னது! கோவைப் பக்கம் பேரூர்க் கோயில் கனகசபைத் தூணில் சாய்ந்துகொண்டு புளியோதரை தின்று வளர்ந்தவனிடம் இதைப் பழசு என்றால் எப்படி?

ஆனாலும் அந்த விசில் என்னவோ செய்கிறது. சிங்காநல்லூரில் எங்கள் வீட்டில் கடிகாரம் இருந்தது பேருக்குத்தான். மில் சங்கு ஊதினால் அம்மா உலை வைப்பார். அடுத்த சங்குக்குள் டிபன் கேரியர் மூடியாக வேண்டும். ஷிப்ட் விட்டதும் தெரு முழுக்க சைக்கிள் மணி, தலையில் பஞ்சு ஒட்டிய ஆட்கள். பிறகு மில்லை மூடினார்கள், சங்கும் போயிற்று. இங்கே இத்தனை விசில் ஊதியும் ஒருவரும் வேலைக்கு ஓடுவதில்லை. படம் எடுத்துக்கொண்டு காபிக் கடைக்குப் போகிறார்கள்.

மில்லில் ஃபிட்டராக இருந்த அப்பா ஒரு கோடையில் வந்தார். நகரக் கட்டடங்களைச் சூடாக்கப் பூமிக்கடியில் ஓடும் ஆவிக்குழாயிலிருந்துதான் இதற்கும் ஆவி வருகிறது என்றதும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டார். சங்கிலி இரும்புக் குண்டுகளை மேலே தூக்குகிறது, அவை இறங்கும் கனத்தில் கடிகாரம் ஓடுகிறது. பின்னால் படமெடுக்கக் காத்திருந்தவர்களை அவர் கண்டுகொள்ளவே இல்லை. துணைக்கு மின்மோட்டாரும் உண்டு என்று சொன்னேன், முகம் சுருங்கிவிட்டது.

"விசிலாவது நெசமா ஆவிதானே கண்ணு?"

"ஆவிதானுங்கப்பா."

"அப்பச் சரி."

இப்போது எனக்கு ஊர் பழகிவிட்டது. தூறலுக்குக் குடை எடுப்பதில்லை. நண்பர் வீட்டுக்கு நேரம் கேட்டுக்கொண்டே போகிறேன். ஆனால் கோடையில் நடுப்பகல் விசில் கேட்டால், ஊரில் இப்போது நள்ளிரவு பன்னிரண்டரை, அப்பா தூங்கியிருப்பாரா என்று கணக்குப் போடுகிறேன்.

பெரும்பாலும் தூங்கியிருக்க மாட்டார். ஜப்பானில் ஒட்டாரு என்ற ஊரிலும் இதே போல் ஒன்றை சாண்டர்ஸ் செய்து வைத்திருக்கிறார் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். போன வாரம் போனில் கேட்கிறார்: "அதுலயும் மோட்டார் வெச்சிருக்கானா? ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு."