விடியற்காலையில் வயிற்றைப் பார்

என் பொறுப்பில் முதன்முதலாக ஈன்றது சோவியத் சின்சில்லா இன முயல் ஒன்று. ஆறு குட்டிகள். அன்று பகல் முழுவதும் தாய் குட்டிப் பெட்டியின் பக்கமே போகவில்லை. கூண்டின் மூலையில் அமர்ந்து வேலிமசால் தீவனம் தின்றுகொண்டிருந்தது. ஆடு மாடுகளோடு வளர்ந்தவன் நான். ஈன்ற குட்டியை விட்டு ஒதுங்கி இருக்கும் தாயைப் பார்த்ததில்லை. கைவிட்டுவிட்டது என்று முடிவுகட்டி, அதைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்து அமுக்கிப் பிடித்தேன். ஒரே நாளில் மூன்று முறை. மிரண்டு உதைத்துத் தாவியதில் இரண்டு குட்டிகள் மிதிபட்டுச் செத்தன. ஒவ்வொன்றும் 50 கிராம் இருந்திருக்கும். இன்றும் நினைத்தால் மனம் கனக்கிறது.

திண்டுக்கல்லுக்கு அருகே 15 பெண் முயல்களும் 3 ஆண் முயல்களும் இருந்த பண்ணை அது. நடத்திய அக்கா என்னைத் திட்டவில்லை. "தம்பி, பகலில் தாயைப் பார்க்காதே. விடியற்காலையில் குட்டியின் வயிற்றைப் பார்" என்றார். மறுநாள் பார்த்தேன். மீதி நான்கின் வயிறும் உருண்டிருந்தது. முடி முளைக்காத மெல்லிய தோலுக்குள் பால் வெள்ளையாகத் தெரிந்தது. முயல் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறைதான், அதுவும் இருட்டில், சில நிமிடங்களே பால் கொடுக்கும். காட்டில் வளைக்குத் திரும்பத் திரும்பப் போனால் நரிக்கு வழி காட்டியதாகிவிடும். விலகி நிற்பதே அது குட்டிகளுக்குப் போடும் காவல்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவும் முடியாது. சினை ஏறத்தாழ 31 நாள். 27ஆம் நாள் தேங்காய் நார் பரப்பிய பெட்டியை வைப்பேன். தாய் தன் வயிற்று முடியைப் பிடுங்கி மேலே மெத்தை போட்டுக்கொள்ளும். எறும்பு ஏறாமல் கூண்டுக் கால்களின் கீழ் தண்ணீர்க் கிண்ணம். மூன்று நான்கு முயல்களை ஒரே நாளில் இணை சேர்ப்பேன். ஒன்று பத்து குட்டி, இன்னொன்று நான்கு குட்டி ஈன்றால், கூடுதல் குட்டிகளைக் குறைவாக ஈன்றதிடம் மாற்றிவிடலாம். காம்பு பெரும்பாலும் எட்டுதானே. சேர்க்கும்போது பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தன் கூண்டுக்குள் வரும் ஆணைப் பெண் கடித்து விரட்டும்.

கோடைதான் பெரும்பாடு. கொடைக்கானல் பக்கத்து மன்னவனூரின் மலைக்குளிரில் நன்றாக இருக்கும் இனங்கள் சித்திரை வெயிலில் வாய் பிளந்து மூச்சு வாங்கும். ஈரச் சாக்கு கட்டி, கூரையில் தண்ணீர் தெளித்தாலும் ஆண் முயல்கள் வெயில் தணிந்த பிறகும் சில வாரங்கள் சினை தராது. அப்போது நான் அவற்றை வற்புறுத்துவதில்லை.

அந்தச் சின்சில்லா அடுத்த முறை ஏழு ஈன்றது. பகலில் ஒதுங்கியே இருந்தது. விடியற்காலையில் கையை நாரில் தேய்த்துக்கொண்டு பெட்டிக்குள் விட்டு, ஒவ்வொரு வயிறாகத் தொட்டு எண்ணினேன். ஏழும் நிறைந்திருந்தன.