“நானே இறக்கட்டுமா, சார்?”

சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளில் முன் சக்கரத்துக்கானது எரியவில்லை. சிறிய விமானத்தில் இது அபூர்வமில்லை. பெரும்பாலும் பல்பு போயிருக்கும், இல்லையென்றால் பேனல் விளக்கு சுவிட்ச் போட்டபடி இருந்து, பகல் வெளிச்சத்தில் பச்சை மங்கித் தெரியாமல் போயிருக்கும். சுவிட்சைப் பார்த்தோம், அணைந்துதான் இருந்தது. எரிகிற பல்பு ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் போட்டேன். அதுவும் எரியவில்லை.

அவ்வளவு நேரமும் விமானத்தை ஓட்டியது என் மாணவன். “உயரத்தையும் எரிபொருளையும் நீ பார், மற்றதை நான் பார்க்கிறேன்” என்று சொல்லியிருந்தேன். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. 1972 டிசம்பர் 29 அன்று ஈஸ்டர்ன் 401 என்ற அமெரிக்கப் பயணிகள் விமானத்தின் காக்பிட்டில் இருந்தவர்கள் இதே போன்ற ஒரு முன் சக்கர விளக்கில் மூழ்கியிருந்தார்கள். ஆட்டோபைலட் உயரத்தை விட்டுவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. ஃப்ளோரிடா சதுப்பு நிலத்தில் விழுந்து 101 பேர் இறந்தார்கள். 1978 டிசம்பர் 28 அன்று இன்னொரு பயணிகள் விமானமான யுனைடெட் 173, கியர் (இறங்கும் சக்கர அமைப்பு) கோளாறை ஆராய்ந்துகொண்டே வட்டமடித்து, எரிபொருள் தீர்ந்து போர்ட்லாண்டில் விழுந்தது. யாராவது ஒருவர் ஓட்டுவதை மட்டுமே கவனிக்க வேண்டும்.

அவன் அதை அழகாகச் செய்தான். அவசர நெம்புகோலை இழுத்து ஹைட்ராலிக் அழுத்தத்தை விடுவித்தேன். சக்கரங்கள் தம் எடையிலேயே விழ வேண்டும். முன் சக்கரம் பின்பக்கமாக மடங்குகிற வகை என்பதால், இறங்கும்போது காற்று அதை எதிர்த்துத் தள்ளும். வேகத்தைக் குறைக்கச் சொன்னேன், குறைத்தான். வாலில் உள்ள திசைத் தகடான ரடரை மிதித்து மூக்கை இடமும் வலமும் ஆட்டச் சொன்னேன், ஆட்டினான். டவர் பக்கமாகத் தாழப் பறந்தோம். இறங்கியிருப்பது போலத் தெரிகிறது என்றார்கள். பூட்டு விழுந்ததா என்று கீழே இருந்து யாராலும் சொல்ல முடியாது.

கடைசித் திருப்பத்துக்கு முன்னால்தான் கேட்டான்: “நானே இறக்கட்டுமா, சார்?”

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. “ஐ ஹேவ் கன்ட்ரோல்” என்றேன். முறைப்படி “யூ ஹேவ் கன்ட்ரோல்” என்று சொல்லிக் கையை எடுத்தான்.

என்ஜினை வானிலேயே அணைக்கவில்லை. சுழலும் புரொப்பெல்லர் தரையில் அடித்தால் என்ஜினைப் பிரித்துச் சோதிக்க வேண்டும், தெரியும். ஆனால் அணைத்துவிட்டால் மறுபடி மேலே ஏற வழியில்லை. கதவைத் திறந்து வைத்தோம். பின் சக்கரங்கள் தொட்டதும் கட்டுப்பாட்டுப் பிடியான யோக்கை முழுக்கப் பின்னால் இழுத்துப் பிடித்தேன். வேகம் குறையக் குறைய மூக்கைத் தூக்கி வைக்கும் வால் தகடான எலிவேட்டரின் பிடி போய் மூக்கு தாழ்ந்தது, முன் கால் மடங்கியது. எரிபொருளையும் மின்சாரத்தையும் அணைத்துவிட்டு இருவரும் நடந்தே வெளியே வந்தோம்.

பொறுப்பு என்னுடையது, கட்டுப்பாட்டை நான் எடுத்தது முறைதான். மூக்கு தரையில் பட்டு விமானம் பக்கவாட்டில் இழுத்தால், அவன் கையிலிருந்து வாங்கித் திருத்த அரை நொடிகூட இருக்காது. சரி, ஆனால் பலமான குறுக்குக் காற்றிலும் அந்த அரை நொடி இருப்பதில்லை. அப்போது அவனைத்தான் இறக்க விட்டேன். மூக்கைத் தரையில் படாமல் பிடித்து வைப்பது மென்தரை இறக்கத்தில், அதாவது இளகிய தரையில் இறங்கும் பயிற்சியில், அவன் நன்றாகப் பழகியிருந்த வேலை. அன்று விமானத்தின் போக்கு அவன் கைக்குத் தெரிந்திருந்தது. நானோ செக்லிஸ்ட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். ஏதாவது ஆகியிருந்தால் அவனை யாரும் கேட்க மாட்டார்கள், என்னைத்தான் கேட்பார்கள் என்ற நினைப்பும் அந்த நேரத்தில் இருந்ததா? இல்லை என்று உறுதியாகச் சொல்லத் தோன்றுகிறது. அப்புறம், இருந்தால்தான் என்ன என்றும் தோன்றுகிறது.

பின்னாளில் ஒருமுறை அவனிடமே கேட்டேன். அப்படிக் கேட்டதே ஞாபகமில்லை என்றான். உண்மையாகவும் இருக்கலாம், என்மேல் உள்ள மரியாதையாகவும் இருக்கலாம்.

இப்போதெல்லாம் பறக்கும் முன்பே, எந்த நிலைமையில் யார் ஓட்டுவது என்று மாணவர்களோடு பேசி வைத்துவிடுகிறேன். புறப்பட்டவுடன் என்ஜின் நின்றால் நான். தீ என்றால் நான். மேலே போய் யோசிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பேச்சே. கியர் என்று வரும்போது மட்டும், “அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்கிறேன்.